வாசல் சரிவும் பத்துச் சக்கர லாரியும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்னு பேட்டையில எல்லாருக்கும் தெரியும். இல்லன்னு நான் சொல்லல. ஆனா நான் வாசல்ல நின்னு சத்தம் போட்டேன்னா அதுக்கு ஒரு நியாயம் இருக்கும். அந்த ரெண்டு மாசமும் நான் போட்ட சத்தம் பூராவும் லாரிக்காரனுவகிட்டத்தான்.

எங்க வீடு ரோட்டுக்கு ரெண்டடி பள்ளத்துல கெடக்கு. கட்டும்போது மேட்டுலதான் கட்டுனோம். ரோட்டுக்குத் தார் போட வாரவன் பழசைக் கொத்தி எடுக்காம மேல மேலயே அப்பிட்டுப் போறான். ரோடு ஏற ஏற வீடு எறங்கிட்டு. நல்ல காலு உள்ளவங்களுக்கு அது ஒரு விசயமே இல்ல, எட்டி வச்சா ரோடு. எங்க வீட்டுக்காரருக்கு அப்படி இல்ல.

அவரு பேரு சுடலையாண்டி. பதினாறு வருசம் லாரி ஓட்டுனவரு. தொண்ணூத்தொண்ணுல, லோடு எறக்கப் போன எடத்துல, இன்னொரு வண்டி ஆள் நிக்கது தெரியாம ரிவர்ஸ் வந்து இவரைச் செவத்தோட வச்சு நெரிச்சிட்டு. வலது காலு தொடைக்குக் கீழ போச்சு. இடது காலு இருக்கு, பேருக்குத்தான். மூணு மாசம் ஆஸ்பத்திரியில கெடந்துட்டு வந்த மனுசன் அதுக்குப் பெறகு லாரியப் பத்தி ஒரு வார்த்தை பேசினது கெடையாது. கூட ஓட்டுனவங்க பாக்க வந்தா, "தூங்குதாருன்னு சொல்லு"ன்னு செவத்தைப் பாத்துத் திரும்பிக்கிடுவாரு. நானும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன். ஆறுன புண்ணை எதுக்குச் சொறியணும்னு விட்டுட்டேன்.

நடக்க முடியாதவங்களுக்கு எஸ்.டி.டி. பூத்து குடுக்காங்கன்னு கேள்விப்பட்டு, மனு மேல மனு போட்டு வாங்கினேன். மெயின் ரோட்டுல பஸ் நிக்க எடத்துல பூத்து. கையால சுத்துற மூணு சக்கர வண்டியும் கெடைச்சுது. எல்லாம் இருந்து என்ன செய்ய? வீட்டுல இருந்து ரோட்டுக்கு ஏறணுமே. மொத ஒரு மாசம் நான் பின்னால நின்னு தள்ளுனேன். தெருவுல போற வாரவங்க ஒரு கை குடுப்பாங்க. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு, ஆனா மொகம் கருத்துப் போயிரும். ஒரு நாள் மத்தியானம் சோத்துல கைய வச்சுக்கிட்டே சொன்னாரு.

"ஏளா, பின்னால நின்னு என்னை எவனும் தள்ளக் கூடாது. நீயுந்தான். தானா போக முடிஞ்சா போறேன், இல்லன்னா எனக்குப் பூத்தும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்."

அதுக்குத்தான் அந்தச் சரிவு. கொத்தனாரு இஸ்ரவேலைக் கூப்பிட்டு, வாசல்ல இருந்து ரோடு வரைக்கும் முப்பதடி நீளத்துக்குச் சிமெண்டுச் சரிவு போட்டோம். இவரு வண்டியில உக்காந்துக்கிட்டே அளவு சொன்னாரு. இவ்வளவு சாய்ப்பு வேணும், நடுவுல மூச்சு வாங்க ஒரு மட்டம் வேணும், ரோட்டோட சேருற எடம் கண்ணாடி மாதிரி இருக்கணும். அந்தச் சேருற எடத்தை மட்டும் மூணு தடவை பூச வச்சாரு. "என்ன அண்ணாச்சி, இதுல கலெக்டரா வரப் போறாரு?"ன்னு இஸ்ரவேலு கேட்டாரு. "கலெக்டர் இல்லவே, நான் போறேன்"னாரு இவரு.

நீரூத்தி நல்லாக் காஞ்ச பெறகு, ஒரு காலையில குளிச்சு வெள்ளைச் சட்டை போட்டு, பூத்துச் சாவியைப் பையில போட்டுக்கிட்டு, ஒரே தம்முல ரோட்டுக்கு ஏறுனாரு. ஏறி நின்னு திரும்பி, "என்னத்தைப் பாத்துக்கிட்டு நிக்க? போய் சோலியப் பாரு"ன்னாரு. நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். சந்தோசத்துல அழுதா தப்பில்லையே. அதுக்குப் பெறகு நாலு வருசம், மழைன்னாலும் வெயில்னாலும், ஆறரை மணிக்கு அவரு தனியாத்தான் போவாரு, தனியாத்தான் வருவாரு. அந்த நாலு வருசமும் எங்க வீட்டுல சண்டையே இல்லன்னு சொன்னா நம்ப மாட்டிய. சண்டை இருந்துச்சு, ஆனா நல்ல சண்டை.

தொண்ணூத்தாறு சித்திரையில எதுத்தாப்புல இருந்த பழைய செக்கு ஷெட்டை நூர்முகம்மது பாய் வாங்கிச் சிமெண்டு குடோன் ஆக்குனாரு. பாயைக் குத்தம் சொல்ல மாட்டேன், நல்ல மனுசன். பெருநாளைக்கு மொத தட்டு எங்க வீட்டுக்குத்தான் வரும். ஆனா குடோன் கேட்டு எங்க சரிவுக்கு நேர் எதுர இருக்கு. மெயின் ரோட்டுல இருந்து வார லாரி கேட்டைத் தாண்டிப் போய் நின்னு, பின்னாலயே கேட்டுக்குள்ள நொழையணும். இருக்கிறது ஒரு முழ ரோடு. பின்பக்கம் கேட்டுக்குள்ள போறதுக்கு லாரியோட மூஞ்சி எங்க சரிவுல ஏறி எறங்கும். பத்துச் சக்கர லாரி, வாய் வரைக்கும் சிமெண்டு மூட்டை. சிமெண்டு லாரியே சிமெண்டுச் சரிவை உடைச்ச கதை எங்கேயாவது கேட்டிருக்கியளா? மொதல்ல மயிரிழை கணக்கா ஒரு வெடிப்பு. ஒரு மாசத்துல ரோட்டோட சேருற எடம் பேந்து, சல்லி தெரிய ஒரு சாண் பள்ளம் ஆயிட்டு.

ஒரு காலையில இவரு வண்டியோட முன் சக்கரம் அந்தப் பள்ளத்துல எறங்கி நின்னுட்டு. சுத்துதாரு, சுத்துதாரு, ஏற மாட்டேங்கு. பைய பின்னுக்கு எறங்கி, வேகமா வந்து பாத்தாரு. அப்பவும் ஏறல. நான் வாசல்ல நிக்கேன். ஓடிப் போய் ஒரு தள்ளு தள்ள எம்புட்டு நேரம் ஆகும்? ஆனா அவரு சொன்ன சொல்லு என் காலைக் கட்டிப் போட்டுட்டு. அந்த நேரம் பாத்துப் பால்காரரு சைக்கிளை நிப்பாட்டிட்டு ஓடி வந்து, "இருங்கண்ணாச்சி"ன்னு பின்னால ஒரு தள்ளு தள்ளி ரோட்டுல ஏத்தி விட்டுட்டாரு. நல்லதுக்குத்தான் செஞ்சாரு, பாவம். எங்க வீட்டுக்காரரு அவருக்குக் கும்பிடு போட்டாரு. பெறகு பூத்துக்குப் போகாம அங்கனயே செத்த நேரம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னாரு. அவரு பொறங்கழுத்தையே பாத்துக்கிட்டு நின்னேன். இந்த மனுசன் இன்னும் ரெண்டு தள்ளு வாங்குனா பூத்தை மூடிட்டு மறுபடியும் செவத்தைப் பாத்துப் படுத்துருவாருன்னு எனக்குத் தெரியும்.

நேரா பாய்கிட்ட போனேன். கணக்குப் பிள்ளை, மூட்டை தூக்குறவங்க எல்லாரும் நிக்காங்க. எனக்கு என்ன கூச்சம்?

"பாய், உங்க லாரி என் புருசன் போற வழியை உடைச்சுப் போட்டுட்டு. இதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

அவரு எந்திரிச்சே நின்னுட்டாரு. "கோவப்படாத தங்கச்சி. இனிமே நடக்காது, இன்ஷா அல்லாஹ். டிரைவர் பயலுவகிட்ட நான் சொல்லுதேன். இப்பவே பத்து மூட்டை சிமெண்டு அனுப்புதேன், சரிவைப் புதுசா போட்டுக்கிடுங்க."

"நீங்க மூட்டை குடுப்பிய, உங்க வண்டி உடைக்கும், மறுபடியும் மூட்டை குடுப்பிய. இது என்ன பாய், வெளையாட்டா? மொதல்ல லாரிய நிப்பாட்டுங்க, பெறகு சிமெண்டைப் பேசுவோம்."

பாய் சொல்லத்தான் செஞ்சாரு. தெனம் ஒரு டிரைவர் வாரான், எவன் கேக்கான்? செவிடன் காதுல ஊதுன சங்குதான். அதுல வாரத்துல நாலு நாள் வாரவன் ஒருத்தன், முப்பிடாதின்னு பேரு. மீசைய முறுக்கிக்கிட்டு அவன் சொல்லுதான், "எடம் இருந்தாத்தானக்கா திருப்ப முடியும்? நான் என்ன, லாரியத் தலையில தூக்கி வச்சுக்கிட்டா திருப்ப?" ரெண்டு கல்தூணு வாங்கி, இவரு வண்டி மட்டும் நொழையுற மாதிரி சரிவு ஓரத்துல நட்டேன். மூணாம் நாளே ஒண்ணு சாஞ்சிட்டு, ஒண்ணு ரெண்டா உடைஞ்சு சரிவுக்குக் குறுக்க கெடக்கு. கண்ணாடியில தெரியலையாம்! இஸ்ரவேலு வந்து பள்ளத்தைப் பூசுனாரு. பூசுன ஈரம் காயுமுன்னாடி டயரு அச்சு அதுல பதிஞ்சிட்டு.

"நீங்க ஒரு வார்த்தை அவனுவகிட்டச் சொல்லுங்களேன்"னு இவருகிட்ட கேட்டேன்.

"நான் யாருளா? பூத்துக்காரன். பூத்துக்காரன் சொல்லி டிரைவர் கேப்பானா?" லாரிச் சத்தம் கேட்டாலே எந்திரிச்சு, எந்திரிச்சுன்னா கையை ஊனி நகந்து, ஜன்னலைச் சாத்திருவாரு.

பெறகு என்ன செய்ய? தெனம் அவரு எந்திரிக்கும் முன்னாடி நான் போய் செங்கத்துண்டும் மணலும் போட்டுப் பள்ளத்தை மிதிச்சு வைப்பேன். அவரு அதுல பைய ஏறிப் போவாரு. மத்தியானம் லாரி வந்து அதைக் கெளறிப் போட்டுட்டுப் போகும். சாயங்காலம் மறுபடியும் மிதிப்பேன். கை ரெண்டும் காப்புக் காச்சுப் போச்சு. கட்டையில போவானுவன்னு திட்டிக்கிட்டே மிதிப்பேன், திட்டினாத்தான் வேலை ஓடும் எனக்கு.

ஒரு புதன்கெழமை தெரு முக்குல எவளோ கழிப்புக் கழிச்சிப் போட்டிருந்தா. உங்களுக்குத் தெரியும்லா, வீட்டுல சொகமில்லாதவங்களுக்குச் சுத்தி எடுத்து முச்சந்தியில போடுறது. தடியங்காயை, அதான் வெள்ளைப் பூசணிக்காயை, உடைச்சுக் குங்குமத்தைத் தடவி, அறுத்த எலுமிச்சம்பழம், மொளகாய், உப்பு. அதை யாரு மிதிச்சாலும் அந்தப் பீடை அவங்க மேல ஏறிக்கிடும்பாங்க. நான் கடைக்குப் போயிட்டு வாரேன், முப்பிடாதி லாரி வருது. முக்குல வந்ததும் பிரேக்கைப் போட்டான். கதவைத் தொறந்து எட்டிப் பாத்தான். நெஞ்சைத் தொட்டு எதோ முணுமுணுத்தான். பெறகு அம்புட்டு லோடையும் வச்சுக்கிட்டு, முன்னுக்கு ஒரு முழம், பின்னுக்கு ஒரு முழம்னு ஸ்டியரிங்கை ஒடிச்சு ஒடிச்சு, சக்கரம் சாக்கடை விளிம்புல நிக்க, அந்த எலுமிச்சம்பழத்துல ஒரு தூசி படாமத் தாண்டிப் போனான் பாருங்க! ஆத்தாடி! எடம் இல்ல எடம் இல்லன்னியேலே, இதுக்கு மட்டும் எங்க இருந்துலே எடம் வந்துச்சு?

அப்பவே எனக்கு மூளை வேலை செஞ்சிட்டு.

ஞாயித்துக்கெழமை பூத்துக்கு லீவு. இவரு உள்ள ரேடியோ கேட்டுக்கிட்டு இருந்தாரு. பள்ளத்தை நல்லா மிதிச்சு மட்டம் பண்ணிட்டு, வெளக்கு வைக்க நேரம், தோட்டத்துல காய்ச்ச தடியங்காயைப் பறிச்சு, சரிவு ரோட்டோட சேருற எடத்துல உடைச்சு வச்சேன். குங்குமம், எலுமிச்சம்பழம், மொளகாய், ஒண்ணும் கொறையில்ல. யாருக்கும் சுத்தி எடுக்கல, சும்மா வச்சதுதான். "சாமி, இது பொய்க் கழிப்பு, கோவிச்சுக்கிடாத"ன்னு வானத்தைப் பாத்துச் சொல்லிட்டு உள்ள வந்துட்டேன். எவ்வளவு நிம்மதி தெரியுமா? தலையில இருந்து ஒரு மூட்டைய எறக்கி வச்ச மாதிரி இருந்துச்சு.

திங்கக்கெழமை மூணு லாரி வந்துது. மூணும் நின்னுது, மூணும் பாத்துது, ஒண்ணு கூட ஏறல. ஒருத்தன் ஒம்பது தடவை முன்னுக்கும் பின்னுக்கும் போய் வேர்த்து ஊத்துது. நான் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கேன். பாய் கூட வந்து, "தங்கச்சி, உங்க வாசல்ல யாரோ ஏதோ வச்சிருக்காங்க, பாத்தியளா?"ன்னு பதறுதாரு. "ஆமா பாய், என் மேல பொறாமை புடிச்சவ எவளோ"ன்னேன். என் சாமர்த்தியத்தை நெனைச்சு எனக்கே அம்புட்டுப் பெருமை.

ஆனா அன்னைக்குக் காலையில இவரு பூத்துக்குப் போகல. "மேலு வலிக்கு, நீ போய் தொற"ன்னாரு. சரின்னு நான் போய் தொறந்து உக்காந்துட்டு, லாரி வார நேரத்துக்குத்தான் வீட்டுக்கு வந்தேன். செவ்வாக்கெழமை வயிறு சரியில்லன்னாரு. சுக்குத் தட்டிப் போட்டுக் காப்பி குடுத்தேன். புதன்கெழமை தலை கிறுகிறுங்குன்னாரு. தொட்டுப் பாத்தா காய்ச்சல் இல்ல. சோறும் ஒழுங்கா எறங்குது. லாரித் தொல்லை ஒழிஞ்ச நேரம் பாத்து இப்படி ஒரு சீக்கா? வியாழக்கெழமை பூத்துல உக்காந்திருக்கேன், மனசு கேக்கல. என்ன ஆனாலும் சரி, இன்னைக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிரணும்னு, பக்கத்துப் பூக்காரிகிட்ட பூத்தைப் பாத்துக்கிடச் சொல்லிட்டு நடந்து வந்தேன். மணி பதினொண்ணு இருக்கும்.

தெருவுக்குள்ள திரும்புனதும் பாத்துட்டேன். எங்க சரிவுல இவரு வண்டி நிக்குது. குளிச்சிருக்காரு, வெள்ளைச் சட்டை போட்டிருக்காரு, தலையைப் படிய வாரியிருக்காரு. கழிப்புக்கு ஒரு கை தூரத்துல முன் சக்கரம். கையைச் சுத்துதாரு, வண்டி ஒரு சாண் முன்னால வருது, நிக்குது. பின்னால போகுது. மறுபடியும் ஒரு சாண் வருது, நிக்குது. இப்படி நாலு தடவை. பெறகு பைய வீட்டைப் பாத்து எறங்கிட்டாரு.

எனக்குச் சப்புன்னு அறைஞ்ச மாதிரி ஆயிட்டு. அந்த நாலு நாளும் அவருக்கு ஒரு சீக்கும் இல்ல. நான்தான் அவரை வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டியிருக்கேன். புள்ளையாரு புடிக்கக் கொரங்கா முடிஞ்சிட்டு!

உண்மையச் சொல்லுதேன், எனக்கு மொதல்ல வந்தது கோவந்தான். தப்பு என் மேலன்னு தெரிஞ்சா எனக்குக் கோவம் கூடத்தான் வரும். வேகமா உள்ள போய், "அது நான் வச்சதுங்க! சும்மா வச்சது! அதுல ஒரு எழவும் இல்ல!"ன்னு கத்துனேன்.

அவரு சட்டைப் பொத்தானைக் கழத்திக்கிட்டே இருந்தாரு. "தெரியும். தோட்டத்துத் தடியங்காயைக் காணோமே, அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சா பெறகு என்ன? மேல ஏத்திட்டுப் போக வேண்டியதுதான?"

"கை போக மாட்டேங்குளா." கையை என்கிட்ட நீட்டிக் காட்டுனாரு, சொன்ன பேச்சு கேக்காத புள்ளையக் காட்டுற மாதிரி. "எனக்கு இனிமே என்ன வந்துரப் போகுது? போறதுக்கு என்ன மிச்சம் இருக்கு? எல்லாம் தெரியுது. பக்கத்துல போனா கை தானா ஒடிக்கி. பதினாறு வருசம் எத்தனை முச்சந்தியில ஒடிச்சிருக்கேன்..."

"ஐயோ, அது லாரிக்காரனுக்கு வச்சதுங்க!"

அவரு தலையை நிமித்தி என்னைப் பாத்தாரு. "நான் யாருளா?"ன்னாரு.

அஞ்சு வருசமா அவரு அந்தப் பேச்சை எடுக்கல, நானும் எடுக்கல. அவரு டிரைவர்ங்கிறதை அவரு மறந்துட்டாருன்னு நான் நெனைச்சேன். மறந்தது நான்தான். கூட வாழுற மனுசனை இப்படியா மறப்பா ஒருத்தி? அவரு மடியில தலையை வச்சு அழுதேன். அவரு என் தலையில ஒரு தட்டுத் தட்டி, "சரி சரி, எந்திரி. ஊரைக் கூட்டாத"ன்னாரு.

மொத வேலையா அதை முறத்துல கூட்டி அள்ளிட்டுப் போய் கால்வாயில போட்டேன். எடத்தை மூணு குடம் தண்ணி விட்டுக் கழுவுனேன். அவரு சட்டையை மறுபடியும் போட்டுக்கிட்டு, ஒரே மூச்சுல ரோட்டுக்கு ஏறுனாரு. பூத்துக்குப் போவாருன்னு பாத்தா, போகல. ரோட்டோரம் வேப்ப மர நெழலுல வண்டியை நிப்பாட்டிட்டு, குடோன் கேட்டையும் எங்க சரிவையும் மாறி மாறிப் பாத்துக்கிட்டே இருக்காரு.

"என்னங்க, பூத்து?"

"நீ கொஞ்சம் சும்மா இரு. லாரியை நான் பாத்துக்கிடுதேன்."

மூணு மணி வாக்குல முப்பிடாதி வந்தான். கழிப்பு இல்லன்னதும் அவன் மொகத்துல ஒரு வெளிச்சம். கேட்டைத் தாண்டி வந்து, வழக்கம் போல சரிவைப் பாத்து மூஞ்சியைத் திருப்புதான். இவரு வண்டியைச் சுத்திக்கிட்டுப் போய் லாரிக்கு முன்னால நின்னுட்டாரு.

"அண்ணாச்சி, வெலகுங்க. லோடு வண்டி."

"தெரியுது. லே, இப்பம் குடோன் கேட்டு உனக்கு எந்தக் கைப் பக்கம் இருக்கு?"

"இடது கைப் பக்கம். அதுக்கென்ன?"

"இடது பக்கமாப் பின்னால போனா கேட்டுத் தூணு உனக்குத் தெரியுமா?"

முப்பிடாதி யோசிச்சான். "தெரியாது. தூணுல உரசிருமோன்னுதான் இம்புட்டு வெலகி உங்க வாசலுக்கு வாரேன்."

"இப்படியே மேற்க போ. கால்வாய்ப் பக்கம் வெட்டவெளி கெடக்கு, அங்கன திருப்பிக்கிட்டு வா. அப்பம் கேட்டு உன் வலது கைப் பக்கம் வரும். ஜன்னல்ல தலையை நீட்டுனா தூணு உன் கண்ணு முன்னால இருக்கும். பயப்படாம ஒடிக்கலாம், மூஞ்சி இந்தப் பக்கம் வரவே வராது."

"பூத்தைப் பாருங்கண்ணாச்சி"ன்னு சொல்லிருவானோன்னு நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கேன். அவன் சொல்லல. கேட்டைப் பாத்தான், எங்க சரிவைப் பாத்தான், இவரைப் பாத்தான். "அட"ன்னான். கியரைப் போட்டு மேற்க போயிட்டான்.

திரும்பி வரும்போது இவரு கேட்டுக்குப் பக்கத்துல போய் நின்னுட்டாரு. லாரி பின்னுக்கு வருது, இவரு பின்னால நிக்காரு. அதே மாதிரி ஒரு லாரி, அதே மாதிரி ஒரு செவரு. நான் கூப்பிடவும் முடியாம, பாக்கவும் முடியாம, கதவைப் புடிச்சுக்கிட்டு நிக்கேன்.

"வரட்டும்... வரட்டும்... வலது ஒடி... இன்னும் ஒடி... நேர் பண்ணு... வரட்டும்..."

அந்தக் குரலை நான் கேட்டு அஞ்சு வருசம் ஆச்சு. கல்யாணமான புதுசுல, லோடு ஏத்திட்டு வீட்டு முன்னால வண்டியை நிப்பாட்டும்போது கேட்ட குரலு. பூத்துல பேசுத குரலு வேற, இது வேற.

"ஹோல்டான்!"னு சொல்லி லாரிப் பலகையில உள்ளங்கையால ஓங்கித் தட்டுனாரு. வண்டி நின்னுது. லாரியோட மூஞ்சிக்கும் எங்க சரிவுக்கும் நடுவுல தாராளமா ஒரு மாட்டு வண்டி போகலாம். குடோன்ல இருந்து பாய் எட்டிப் பாத்து, "மாஷா அல்லாஹ்! இம்புட்டு நாளு இது ஒருத்தனுக்கும் தெரியலையே"ன்னாரு. "பாய், இப்பம் குடுங்க சிமெண்டு. பத்து மூட்டை வேண்டாம், ரெண்டு போதும், இஸ்ரவேலை நாளைக்கே வரச் சொல்லுதேன்"னு நான் இங்கன இருந்தே கத்துனேன்.

முப்பிடாதி கீழ குதிச்சு, தோளுல கெடந்த துண்டை எடுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டு இவருகிட்ட வந்தான்.

"அண்ணே, நீங்க எந்த லைன்ல ஓடுனிய?"

டிரைவர் டிரைவரைக் கேக்குற கேள்வி அது. ஒரு காலத்துல எங்க வீட்டு முத்தத்துல தெனம் கேட்ட கேள்வி. இவரு ஒரு தடவை நான் நிக்கனான்னு திரும்பிப் பாத்தாரு. நான் மொகத்தைத் திருப்பிக்கிட்டேன், கண்ணு நெறைஞ்சு ஒண்ணும் தெரியல.

"நாக்பூர் லைன்"னாரு. "பதினாறு வருசம்."

அம்புட்டுத்தான். மடை தொறந்த மாதிரி ஆயிட்டு. எந்த மலையில எறங்கும்போது பிரேக்கு மணக்கும், எந்த ஊரு தாபாவுல பருப்பு நல்லாருக்கும், எந்தப் பாலத்துல எத்தனை டன்னுக்கு மேல போனா பாலம் ஆடும்னு, ரெண்டு பேரும் லாரி நெழலுல பேசுதாங்க, பேசுதாங்க. மூட்டை எறக்கி முடிஞ்சும் பேச்சு முடியல. பூக்காரி ஆளனுப்பிட்டா, போன் பேச நாலு பேரு நிக்காங்களாம்.

"ஏங்க, பூத்துக்குப் போகலையா?"

"நீ போய் பாத்துக்கிடுளா. நான் பெறத்தால வாரேன்."

சரின்னு பூத்தைப் பாத்து நடந்தேன். ரெண்டு மாசமா இந்தத் தெருவுக்கு லாரியே வரக் கூடாதுன்னு நான் வேண்டாத சாமி இல்ல. இந்த மனுசன் என்னடான்னா, அடுத்த லாரி எத்தனை மணிக்கு வரும்னு முப்பிடாதிகிட்ட கேட்டுக்கிட்டு இருக்காரு.